படாளத்துக்கு எடுத்துப்போன மாலை

பயிற்சி வகுப்பில் முழுக்கத் தூங்குகிறவர்களால் உலகத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. முழுக்க விழித்திருக்கிறவர்களாலும் இல்லை. பாதி கேட்டுவிட்டு மீதி நேரம் தூங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்தான் ஆபத்து. நான் அந்த ரகம்.

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. காருக்குள்ளே ஓடுகிற ஒயர்களைக் கட்டாகக் கட்டிக் கொடுக்கும் லைனுக்கு நான் லீடர். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் சொன்ன வேலையைச் செய்தவர்கள். வேலை சொல்லுகிற இடத்துக்கு வந்த முதல் ஆள் நான்தான். அதனால் லீடர் என்றால் வரப்பில் குடை பிடித்துக்கொண்டு கத்துகிறவர் என்றுதான் எனக்குத் தெரியும். குடை ஒன்றுதான் என்னிடம் இல்லை, மற்றதெல்லாம் செய்தேன். லைனில் பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. தலையில், நெற்றியில் பொடி உதிர்கிற மாதிரி எதுவும் இருக்கக் கூடாது, ஒயரில் தூசு படும். (எல்லாம் என் சட்டம்தான். கம்பெனிக்கே இதில் பாதி தெரியாது.)

ஒருநாள் ரேவதி என்கிற பெண் வேலை செய்துகொண்டே அழுதாள். என்ன கஷ்டமோ, கண்ணீர் பொலபொலவென்று வந்தது. நான் ஓடிப் போய், "ரேவதி, கனெக்டர்ல தண்ணி படுது பாரு, தள்ளி நின்னு அழு" என்றேன். அக்கறையாகத்தான் சொன்னேன், கனெக்டர் மேல்.

அது மேனேஜர் காதுக்குப் போனது. கூப்பிட்டார். "ஸ்டெல்லா, உங்க லைன்ல டார்கெட் வருது, இல்லேன்னு சொல்லல. ஆனா ஸ்டெல்லா லைனுக்குப் போறியான்னு கேட்டா, நைட் ஷிஃப்ட்டே போட்டுக் குடுங்க சார்னு கையெடுத்துக் கும்புடறாங்க. எமோஷனல் இன்டெலிஜென்ஸ்னு ஒரு டிரெய்னிங் இருக்கு. போய்ட்டு வாங்க. அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா, லைனை வேற யாராச்சும் பார்த்துக்கட்டும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரெல்லாம் என்னை நல்ல லீடர் என்று கொண்டாடுகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்!

மாமல்லபுரத்தைத் தாண்டி ஒரு ரிசார்ட்டில் வகுப்பு. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் ஏசி. பயிற்சி கொடுக்க வந்த தம்பி கன்னத்தில் மைக்கை ஒட்டிக்கொண்டு நடந்து நடந்து பேசினார். "ஜனங்க வாயால சொல்றது கொஞ்சம். முகம் சொல்றதுதான் ஜாஸ்தி. சொல்லாம விட்டதைக் கண்டுபிடிங்க. துக்கத்துல இருக்கறவன் கூப்புடட்டும்னு நல்ல லீடர் காத்திருக்க மாட்டார். அவரே போய் பக்கத்துல நிப்பார்." எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷமாக ஆட்களின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவர்களுக்கு முகம் என்று ஒன்று இருப்பதையே கவனிக்கவில்லை என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது.

அதோடு வகுப்பை முடித்திருந்தால் பரவாயில்லை. மதியம் சாப்பாடு போட்டார்கள். பிரியாணி, வஞ்சிரம் வறுவல், என்ன பெயரென்று தெரியாத ஆடுகிற ஸ்வீட் ஒன்று. சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால் திரையில் 'ஊகிக்காதீர்கள், கேளுங்கள்' என்று தலைப்பு தெரிந்தது. தலைப்பு மட்டும்தான் தெரிந்தது. அடுத்து எனக்குக் கேட்டது கைதட்டல். நானும் எழுந்து நின்று தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் பரிசோதனை என் வீட்டுக்காரர் அருள் மேல். முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க எதையோ மனசுல வெச்சுக்கிட்டு வேதனைப்படறீங்க, எனக்குப் புரியுது" என்றேன். "பசிக்குது ஸ்டெல்லா" என்றார் மனுஷன். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். விதி விட்டால்தானே?

இப்போது தணிகைவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். படாளத்துப் பையன். எங்கள் லைனுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வேலையில் புலி, வாயைத் திறப்பது மட்டும் அபூர்வம். நான் பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் வந்து, "மேடம், எங்க அப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தான். "லீவா? எடுத்துக்க. பதில் ஆளுகிட்ட சொல்லிட்டுப் போ, லைன் நிக்கக் கூடாது" என்று அனுப்பிவிட்டேன். அப்பாவுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. லைனில் பேச்சே கூடாது என்பதால் வேறு யாருக்கும் தெரியாது. மூன்று வாரம் போல அவன் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஷிஃப்ட். லாக்கர் பக்கத்தில் தணிகை நின்றுகொண்டிருந்தான். தொப்பியை எடுத்தான். மொட்டை!

மொட்டைக்கெல்லாம் நான் அசருகிற ஆள் இல்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான், ஆனாலும் வேளாங்கண்ணியில் எங்கள் வீட்டிலும் எத்தனையோ மொட்டை அடித்தாயிற்று. வேண்டுதல் மொட்டை என்றால் தலையில் சந்தனம் பளபளக்கும். இவன் தலையில் பொட்டுச் சந்தனம் இல்லை. அதைவிட, மூக்குக்குக் கீழே பார்த்தேன். தணிகைக்கு முறுக்கிவிட்ட மீசை ஒன்று உண்டு. அவனுக்கு முன்னால் அது உள்ளே வரும். அந்த மீசையும் இல்லை.

தலையோடு மீசையும் போனால் என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கம் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்பன் போய்விட்டால்தான் பிள்ளை மீசை எடுப்பான். "எங்க அப்பாவுக்கு..." என்று அவன் பாதியில் விட்ட வாக்கியம் என் காதில் முழுசாக முடிந்தது.

"மேடம், அப்பா..." என்று வாயெடுத்தான். நான் கையைத் தூக்கினேன்.

"சொல்லாத தணிகை. ஒரு வார்த்தை சொல்லாத. உன் முகமே எல்லாத்தையும் சொல்லுது."

"இல்ல மேடம், அது வந்து..."

"நீ இங்க நிக்கவே வேணாம். இப்பவே வீட்டுக்குப் போ."

அவன் முகம் வெளிறியது. "மேடம், வேலை?"

"வேலையைப் பத்தி இனிமே நீ நெனைக்கவே நெனைக்காத" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்ட, அவன் தோளைத் தட்டினேன். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கேட்டை நோக்கிப் போனான். பாவம், துக்கத்தில் உறைந்து போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது.

லைனைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் அதிர்ந்து போனார்கள். (பாதி அதிர்ச்சி தணிகைக்காக. மீதி, நான் அழுவதைப் பார்த்து.) ஷிஃப்ட் முடிந்ததும் மொத்தப் பேரும் படாளம் போய்த் துக்கம் விசாரிக்கிறோம் என்று அறிவித்தேன்.

ரேவதி மட்டும் மெதுவாகக் கேட்டாள். "மேடம், எதுக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கலாமா?"

"துக்கத்துல இருக்கறவன்கிட்ட போன் போட்டு உங்கப்பா செத்துட்டாரான்னு கேப்பியா? ரேவதி, உனக்கு எமோஷனல் இன்டெலிஜென்ஸே இல்ல" என்றேன். சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

கம்பெனி வேனில் கிளம்பினோம். வழியில் செங்கல்பட்டில் நிறுத்தி, படத்துக்குப் போட ஒரு ரோஜா மாலை வாங்கினேன். சின்னதாக வாங்கினால் லைனுக்கு அசிங்கம் என்று, ஆள் உயரத்துக்கு ஒன்று. வேன் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே தேவகியக்கா மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார். எங்கள் லைனிலேயே மூத்தவர். சாவு வீடு என்றால் தெருமுனையிலேயே குரல் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது மரியாதை இல்லை என்பது அவர் கட்சி.

தணிகை வீட்டு வாசலில் இறங்கினோம். அவன் வெளியே வந்தான். எங்களைப் பார்த்தான், என் கையில் இருந்த மாலையைப் பார்த்தான், வாயைப் பிளந்தபடி நின்றான். வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவு வீட்டில்தானே வாங்க என்று கூப்பிட மாட்டார்கள்? எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்தது. தேவகியக்காவுக்கும் தீர்ந்திருக்க வேண்டும். "எங்களயெல்லாம் வுட்டுட்டுப் பூட்டியே, அண்ணாத்த!" என்று மாரில் அடித்துக்கொண்டார். பார்த்தே இராத அண்ணாத்தைக்காக அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. பின்னால் வந்த பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தெருவே எட்டிப் பார்த்தது.

நான் நேராக உள்ளே போனேன். கூடத்தில் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் தலையணையோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு. சுவரில் ஒரு பெரிய படம், பொட்டு வைத்து, சின்ன பல்பு எரிந்துகொண்டிருந்தது. முகத்தில் அப்படியே தணிகையின் ஜாடை. முட்டிய அழுகையை அடக்கிக்கொண்டு படத்துக்கு மாலையைப் போட்டேன். கண்ணை மூடி ஜெபம் செய்தேன். திரும்பினால் பெரியவர் டிவியை விட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பெரியப்பா போலிருக்கிறது. அவருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டாமா? பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மனச விட்டுடாதீங்க ஐயா. இனிமே நீங்கதான் தணிகைக்கு அப்பா மாதிரி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாதிரி இன்னா மாதிரி? நாந்தாம்மா அப்பன்."

"அப்ப..." என்று படத்தைக் காட்டினேன்.

"அது எங்க நைனா. அவரு பூட்டு ரொம்ப வருசமாச்சே. இப்ப இன்னாத்துக்கு அவருக்கு இம்மாம் பெரிய மாலை?"

வாசலில் தேவகியக்கா இன்னும் அண்ணாத்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அண்ணாத்தை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கர்த்தாவே, என்னை இப்போதே எடுத்துக்கொள்ளும், மாலைகூடத் தயாராக இருக்கிறது என்று வேண்டினேன்.

சமையற்கட்டிலிருந்து தணிகையின் அம்மா ஓடி வந்தார். மாலை, ஒப்பாரி, நான், எல்லாம் ஒரே நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. "அடிப்பாவிங்களா! நெஞ்சப் பொளந்து ஆபரேசன் பண்ணி, எமன் வாயிலேர்ந்து புடுங்கிக்கினு வந்து குந்த வெச்சிருக்கேன், மாலை எடுத்துக்கினு வந்துட்டீங்களே! எம்புள்ள இவுரு பொழச்சதுக்குத் திருத்தணில முடி குடுத்துட்டு வந்து முழுசா ரெண்டு நாளு ஆவல!"

"அப்ப மீசை?" என்று என் வாய் கேட்டது. நான் கேட்கச் சொல்லவில்லை.

"முடி எடுக்கறவன் கை நழுவி ஒரு பக்கத்த வழிச்சிட்டான். ஒத்தப் பக்கத்த வெச்சுக்கினு இன்னா பண்றதுன்னு இந்த அறிவு கெட்டவன் இன்னொரு பக்கத்தயும் எடுத்துக்கினான். அப்பன் உசுரோட கீறப்ப மீசைய எடுக்காதடான்னு அன்னிக்கே தலையில அடிச்சுக்கினேன்!"

"சந்தனம்?"

"லைன்ல தூசு படக் கூடாதுன்னு நீங்கதான மேடம் சொல்லிக்கீறீங்க" என்றான் தணிகை வாசலிலிருந்து. "கழுவிட்டு வந்தேன்."

அப்போதுதான் பெரியவர் நெஞ்சைப் பிடித்தார். உடம்பு குலுங்கியது. முகம் கோணியது. தலையணையை இரண்டு கையாலும் மார்போடு அழுத்திக்கொண்டு முன்னால் சாய்ந்தார். "ஐயோ, அதிர்ச்சியே ஆவாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரே!" என்று அந்த அம்மா அலறினார். வாசலில் ஒப்பாரி பட்டென்று நின்றது. கொன்றுவிட்டேன். துக்கம் விசாரிக்க வந்து, துக்கத்தையும் நானே கொடுத்துவிட்டேன். ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் என்று கத்தினேன்.

"சும்மா இரும்மா!" என்று முனகினார் பெரியவர். "சிரிச்சா தையல் வலிக்குது!"

சிரித்துக்கொண்டிருந்தார்! தலையணையை அணைத்தபடி, கண்ணில் தண்ணீர் வழிய, வலிக்குது வலிக்குது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "அப்பா மாதிரியாமே! ஏய், இத்தினி பேரு அழறாங்களே, நெசமா போனாகூட இவ்ளோ பேரு வருவாங்களா?" என்று மனைவியைக் கேட்டார். நான் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, அது கெடக்கட்டும். எம்புள்ள வேலை இன்னா ஆச்சு?" என்றார்.

"வேலையா? என்ன வேலை?"

"வேலையப் பத்தி இனிமே நெனைக்கவே நெனைக்காதன்னு சொல்லி அனுப்பிட்டியாமே. காத்தாலேர்ந்து சோறு எறங்கல எனக்கு. என் ஆஸ்பத்திரிக்குன்னு லீவு போட்டுத்தான புள்ளைக்கு வேலை போச்சு, நாம பொழச்சதே தப்போன்னு குந்திக்கினு இருந்தேன்."

மாலை போட்டது, ஒப்பாரி வைத்தது எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு மனுஷன், தான் பிழைத்ததே தப்போ என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். அதைச் செய்தது நான். அன்பாகச் செய்தேன். தோளைத் தட்டி, கண்ணீரோடு செய்தேன்.

"ஐயா, வேலை எங்கயும் போகல. அவன் எங்களுக்கு வேணும்" என்றேன். உண்மையாகவே அழுதேன்.

தணிகை மெதுவாகச் சொன்னான். "நான் சொல்லத்தான் மேடம் வந்தேன். நீங்க சொல்லவே வுடல. அன்னிக்கும் வுடல, இன்னிக்கும் வுடல." அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மாவுக்குக் கோபம் தீரவில்லை. உப்பும் மிளகாயும் எடுத்து வந்து கணவரைச் சுற்றி அடுப்பில் போட்டார். கழற்றிய மாலையைத் தொடாமல், குச்சியால் தூக்கிக்கொண்டுபோய்த் தூர எறிந்துவிட்டு வந்தார். நாங்கள் நழுவப் பார்த்தோம். "எங்க போறீங்க? சாவு வூட்ல தான் கை நனைக்காம போவாங்க. இது சாவு வூடு இல்ல. குந்துங்க" என்று அதட்டினார். வேன் டிரைவர் உட்பட எல்லோருக்கும் உப்புமா. அந்த உப்புமா தொண்டையில் இறங்கிய கஷ்டத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. கிளம்பும்போதும் விடவில்லை. "சாவு வூட்ல தான் சொல்லாம போவாங்க. போய்ட்டு வரேன்னு வாய் தொறந்து சொல்லு" என்று வாசலில் மறித்தார். சொன்னேன். "சத்தமா சொல்லு, தெருவுக்குக் கேக்கட்டும்." ஒவ்வொருவராக நின்று, படாளத்துக்கே கேட்கிற மாதிரி, போய்ட்டு வரேன் என்று கத்திவிட்டு வேனில் ஏறினோம். தேவகியக்காவை மட்டும் இரண்டாம் முறை கத்த வைத்தார்.

மேனேஜருக்கு விஷயம் அன்றே போய்விட்டது. லீடர் பதவியைப் பிடுங்கப் போகிறார் என்று மறுநாள் அவர் அறைக்குப் போனேன். அவர் கேட்க நினைத்ததைக் கேட்க முடியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். பதவி தப்பியது. இதற்குப் பிறகு ரேவதியே என் லைனை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். இப்போது யார் வந்து நின்றாலும், "சொல்லு, முழுசாச் சொல்லு, நான் வாயே திறக்கல" என்கிறேன். அதற்காகக் கேலி ஓய்ந்துவிட்டதா என்ன? லைனில் எந்தப் பையன் மீசையை எடுத்தாலும் முதல் வேலையாக என்னிடம் வந்து, "மேடம், அப்பா நல்லா கீறாரு, சும்மா தான் எடுத்தேன்" என்று ஆஜர் கொடுத்துவிட்டுத்தான் தொப்பியை மாட்டுகிறான்.

பெரியவர் அன்றே என் நம்பரை வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் சர்ச் முடிந்து வெளியே வரும் நேரத்துக்கு போன் அடிக்கும். எடுத்தால், உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு ஒரே வார்த்தைதான். "கீறேம்மா." வைத்துவிடுவார். நான் எடுக்காவிட்டால் அருள் எடுப்பார், எடுத்துவிட்டு சர்ச் வாசலில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கீறாராம்!" என்று அறிவிப்பார். எங்கள் வீட்டில் இப்போது யார் வெளியே போய்த் தாமதமானாலும் போன் பண்ணிச் சொல்வது, கீறேன் என்பதைத்தான்.

போன மாதம் ஒரு ஞாயிறு போன் வரவில்லை. சர்ச் முடிந்தது, பிரியாணி வாங்கியாயிற்று, வீட்டுக்கும் வந்தாயிற்று, வரவில்லை. அருள்கூடக் கிண்டல் பண்ணாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் அடித்தது. தணிகையின் நம்பர். அவன் ஞாயிற்றுக்கிழமையில் கூப்பிடுகிறவனே இல்லை. எடுத்தேன்.

"தணிகை, அப்பா எப்படிப்பா இருக்காரு?"

அந்தப் பக்கம் ஏதோ சரசரப்பு. "மேடம், அப்பா போனு மதுராந்தகம் ஏரில வுழுந்துடுச்சு. மீன் வாங்கப் போறேன்னு போயி... இருங்க, புடுங்கறாரு."

பெரியவர் குரல் வந்தது. "கீறேம்மா. லேட்டாச்சுன்னு பூக்காரன்கிட்ட சொல்லி கில்லி வெச்சிட்டியா இன்னா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "இல்லீங்க ஐயா. இந்தத் தடவ மொதல்ல கேட்டுட்டேன்."